சிட்டிசன்ஸ் பாண்ட்: இசைக்குழுவும் இல்லை, அலைவரிசையும் இல்லை

ரொறன்ரோவில் லொறி ஓட்டும் என் மாமா மகன் புதிதாக ஒரு சீபி ரேடியோ வாங்கி வண்டியில் பூட்டிய கதையை எழுதி அனுப்பியிருந்தான். சீபி என்றால் சிட்டிசன்ஸ் பாண்ட், லொறிக்காரர் ஓடும்போதே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ. கூடவே, அவனோடு வேலைக்குச் சேர்ந்த புதுப் பெடியன்களுக்காகத் தயாரித்த நாலு பக்கத் தமிழ்க் குறிப்பு. "மச்சான், நீ உந்த மொழிபெயர்ப்பு வேலைதானே செய்யிறாய், ஒருக்கா பார்த்துத் திருத்திவிடு" என்று கேட்டிருந்தான். முதற் பக்கத்தின் தலைப்பு: "குடிமக்கள் இசைக்குழு வானொலி." கொழும்பு வெள்ளவத்தையில் காலைத் தேநீரும் கையுமாக இருந்த எனக்கு, பாண்ட் வாத்தியம் முழங்க வின்னிபெக் பக்கம் பனியில் போகும் ஒரு பதினெட்டுச் சில்லு லொறிதான் கண்ணில் வந்து நின்றது.

சிரித்து முடித்தேன். அது இயந்திரம் மொழிபெயர்த்தது. அதனோடு சண்டை பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் வந்தது உள்ளே. பக்கத்துக்குப் பத்துத் தடவை "அலைவரிசை" என்று இருந்தது. அதை எந்த இயந்திரமும் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள்தான் பழக்கினோம்.

சொல்லின் வேர் அவ்வளவு சிக்கலில்லை. பாண்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டு, நாடா, கீற்று என்ற பொருள்கள் ஒரு பக்கம். கூட்டம், குழு என்ற பொருள் இன்னொரு பக்கம். கட்டும் பொருள் பழைய நோர்ஸ் மொழிப் பக்கம் போகும். அதே மூலத்திலிருந்து வந்ததுதான் சமஸ்கிருதத்து 'பந்த'. நாங்கள் பந்தம் என்கிறோம். ஆக, பாண்டும் சொந்தபந்தத்தின் பந்தமும் தூரத்து உறவுக்காரர். குழுப் பொருள் பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. வானொலித் துறையில் இருப்பது கீற்று என்ற பொருள் மட்டுமே: மீடிறன்களின் (ஃபிரீக்குவென்சி) நீண்ட வரிசையில் இங்கிருந்து இதுவரை என்று வெட்டி எடுத்த ஒரு துண்டு.

சீபியில் அந்தத் துண்டு 26.965 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 27.405இல் முடிகிறது. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் 23 சனல்களோடு, அதாவது துண்டுக்குள் பேசுவதற்கென்று பிரித்த 23 இடங்களோடு, ஆரம்பித்து, 1977இல் 40 ஆக்கினார்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் விற்கும் ரிமோட் கார்ப் பெட்டிகளில் '27' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தப் பக்கத்து மீடிறன்தான். ஆனால் பொம்மைக் காரை ஓட்டுகிறோம் என்பதற்காக இங்கே இலங்கையில் சீபி பூட்டிப் பேசிவிட முடியாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

அடுத்தது 'சிட்டிசன்ஸ்.' இதைக் குடிமக்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே வங்கி வரிசையில் நிற்கும் முதியவர் 'சிரேஷ்ட பிரஜை', குடிமகன் இல்லை. யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் 'குடிமக்கள்' என்றால் தொழில்வழிச் சாதியினரைக் குறிக்கும். அந்தச் சுமையைச் சும்மா இருந்த ஒரு ரேடியோவின் தலையில் ஏன் வைக்க வேண்டும்? தமிழ்நாட்டில் குடிமகன் என்றால் வேறு சிரிப்பு. அங்கே இந்தச் சொல் தேவைப்படுகிறது என்பதும் உண்மைதான்: இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹேர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், உரிமமில்லாமல் பேசலாம். அதனால் யாரோ 'குடிமக்கள் பட்டை' என்று ஆக்கி விட்டிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பட்டைச் சாராயம் தெரிந்த எவருக்கும் அது எந்தக் கடையின் பெயர்ப்பலகை போல இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

சீபியில் வரும் சிட்டிசன் என்ற சொல்லுக்கும் குடியுரிமைக்கும் தொடர்பும் இல்லை. இராணுவம், பொலிஸ், கம்பனிகள் என்றில்லாமல், சாதாரண ஆட்களும் பேசலாம் என்பதுதான் அர்த்தம். கனடாவில் 1962இல் இதைத் தொடங்கியபோது அரசாங்கம் வைத்த பெயரிலேயே சிட்டிசன் கிடையாது. 'பொது வானொலிச் சேவை' என்றுதான் அதைத் தமிழில் சொல்ல வரும். மச்சான் ஓடும் நாட்டுக்கே அந்தப் பெயர் போதுமென்றால் எங்களுக்கும் 'பொது' போதும்.

இனி, என் உண்மையான எதிரிக்கு வருகிறேன்.

அலைவரிசை என்ற சொல்லில் பிழையில்லை என்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் விளங்குகிறதே என்பார்கள். என்ன விளங்குகிறது? தொலைக்காட்சி அலைவரிசை என்றால் சனல். அறிவிப்பாளர் ஓர் எண்ணைச் சொல்லி "இந்த அலைவரிசையில்" என்றால் மீடிறன். 'சிற்றலை வரிசை', 'பண்பலை வரிசை' என்றால் பாண்ட். ஒரு சொல், மூன்று வேலை. கொழும்பின் காலி வீதி என்பதும், காலி வீதியின் ஒரு சந்தி என்பதும், அங்கே ஒரு வீட்டின் இலக்கம் என்பதும் ஒன்றென்று சொல்லி ஒருவரை வீட்டுக்கு அழைத்தால் அவர் வந்து சேருவாரா?

மச்சானின் குறிப்பில் நடந்ததும் அதுதான். அன்டெனாவைச் சரிசெய்யும் பகுதி. புது ரேடியோ பூட்டினால் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.டபிள்யூ.ஆர். அளவு: ரேடியோவுக்கும் அன்டெனாவுக்கும் பொருத்தம் எப்படி, அனுப்பும் சக்தி திரும்பி அடிக்கிறதா என்று காட்டுவது. 1.5க்குள் இருந்தால் நல்லது; 3ஐத் தொட்டால் ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. 1ஆம் சனலிலும் 40ஆம் சனலிலும் அளந்து ஒப்பிட வேண்டும். 40இல் கூடினால் அன்டெனாக் கம்பி நீளம் அதிகம், குறைக்க வேண்டும். 1இல் கூடினால் கம்பி கட்டை, நீளம் போதாது. குறிப்பில் இருந்த வசனம்: "அலைவரிசையின் மேல் முனையில் அளவு கூடினால் கம்பியை வெட்டவும்."

ஒரு பெடியன் அலைவரிசை என்றால் சனல் என்று எடுத்திருக்கிறான். வேறு எப்படி எடுப்பான், வீட்டில் ரிமோட்டை அமத்திப் பார்ப்பதெல்லாம் அலைவரிசைதானே. 1ஆம் சனலிலேயே நின்று மைக்கை அமத்தினான். எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரின் முள் 2.2 காட்டியது. "மேல் முனை" என்றது முள்ளின் மேல் முனையை என்று நினைத்து, புத்தம்புது எஃகுக் கம்பியில் இரண்டு அங்குலத்தை நறுக்கிவிட்டான். கம்பி முன்னமே கட்டையாக இருந்தது. அடுத்த தடவை முள் 3க்குப் பக்கத்தில் நின்றது. வெட்டிய கம்பி திரும்ப வளராது, புதிது வாங்கினார்கள்.

இன்னோரிடம். ஒரு கடைக்காரர் மச்சானுக்கு, பேச்சின் அளவை மட்டுப்படுத்தும் பகுதியைக் கழற்றிவிட்டால் குரல் 'இடி மாதிரி' போகும் என்று ஆசை காட்டியிருக்கிறார். இவன் மறுத்துவிட்டான். லைட்டர் சொக்கற்றிலிருந்து எடுத்த மின்சாரத்தை விட்டு, ஃபியூஸ் வைத்துப் பற்றரியிலிருந்தே நேராக வயர் இழுத்தது, அதனால் என்ஜின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது, பிறகு மைக்கை மாற்றியது, இவ்வளவுதான் அவன் செய்த மாற்றங்கள். அந்த மட்டுப்படுத்தலைக் கழற்றக் கூடாது என்பதற்குக் காரணமாகக் குறிப்பில் எழுதியிருந்தது: "உங்கள் குரல் அலைவரிசைக்கு வெளியே சிந்தும்." எதற்கு வெளியே? சனலுக்கு வெளியே என்றால் 19இல் பேசுவது 18இலும் 20இலும் கரகரக்கும், மற்ற லொறிக்காரர் ஏசுவார்கள். பாண்டுக்கே வெளியே என்றால் யாரோ வேறு சேவைக்காரரின் இடத்தில் போய் விழும். அது ஏச்சோடு போகாது. இரண்டுக்கும் ஒரே வசனம்!

'வரிசை' என்ற பெயரும் பொய் என்பதற்குச் சீபியிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. 22ஆம் சனல் 27.225. அடுத்து 23 எங்கே? 27.255. 24ஓ 27.235க்கு இறங்கிவிடுகிறது, 25 என்பது 27.245. சனல் இலக்கம் ஏறும்போது மீடிறன் இறங்கி ஏறுகிறது. இதைத் தமிழில் "24ஆம் அலைவரிசையின் அலைவரிசை 23ஆம் அலைவரிசையின் அலைவரிசையை விடக் குறைவு, ஆனால் இரண்டும் ஒரே அலைவரிசையில்தான்" என்று எழுதலாம். எழுதியவருக்கு விளங்கினால் நல்லது.

நியாயமாகச் சொல்வதானால், முதலில் அலை வரிசை என்று பிரித்து எழுதிய காலத்தில் அது பாண்டுக்குத்தான் பொருந்தியிருக்கும். பிறகு தொலைக்காட்சிக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து அதைத் திருப்பி வாங்க என்னால் முடியாது. வைத்துக்கொள்ளட்டும்.

எங்களிடம் சொல் இல்லாமலில்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் படித்த எவரும் மீடிறன் கற்றிருப்பார். மீள், திறன் இரண்டும் சேர்ந்தது. நாள்தோறும் நாடோறும் ஆனது போல. தமிழ்நாட்டில் அதிர்வெண். இரண்டுமே நல்ல சொல். பரீட்சை முடிந்த மறுநாள் மீடிறனைக் கொப்பியோடு மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் போனதும் அலைவரிசை என்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் அப்படியே. மூலத்தில் மூன்று சொல் இருக்கிறது, தமிழில் ஒன்றுதான் போட்டிருக்கிறேன் என்று ஒருவருக்காவது கை கூச வேண்டாமா? நான் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த பத்திரத்தில் மீடிறன் என்று எழுதியிருந்ததை, "மக்களுக்கு விளங்காது" என்று யாரோ அடித்து அலைவரிசை ஆக்கி அனுப்பினார்கள். கீழே என் பெயர் அப்படியே இருந்தது.

பாண்டுக்கு என் தெரிவு அலைப்பட்டை. வெறும் பட்டை என்றால் கறுவாப்பட்டையும் வரும், திருநீற்றுப் பட்டையும் வரும், மேலே சொன்ன சாராயமும் வரும். பட்டி என்றும் சொல்லலாம்தான், ஆனால் அது இங்கே இடுப்பில் கட்டுவது, காரில் ஆசனத்தோடு இழுத்துப் பூட்டுவது. நெற்றித் திருநீறு போல அகலம் தெரிந்த கீற்று என்பதால் பட்டையில் கருத்தும் சரி. ஆக, எழுத்தில் 'பொது அலைப்பட்டை'. பேச்சில் சீபி என்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சனலைச் சனல் என்றே விடலாம், யாருக்கும் தடுமாற்றமில்லை. சீபியை வானொலி என்பதிலும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு, வானொலி கேட்பது, இது பேசுவதும் கேட்பதும். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

குறிப்பைத் திருத்தி அனுப்பினேன். அந்த வசனம் இப்போது: "அலைப்பட்டையின் மேல் முனையில், அதாவது 40ஆம் சனலில், அளவு 1ஆம் சனலைவிடக் கூடினால் மட்டும் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவும்." மச்சான் மறுநாள் பதில் போட்டான். புதுக் கம்பியில் 1ஆம் சனலில் 1.4, 40இல் 1.6 என்றான். "அலைப்பட்டை எண்டு அடிச்சுக் குடுத்திட்டன் மச்சான். பெடியள் வாசிச்சிட்டு 'ஓ, பாண்டா' எண்டு கேட்டாங்கள்."