தையல்சிட்டுக் குஞ்சும் வல்லூறுக் குஞ்சும்: ஒரே வைத்தியம் வேண்டாம்

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு எதுவானாலும், வீட்டில் நடப்பது ஒன்றுதான்: இங்க் ஃபில்லரில் பால், கூடவே நனைத்த ரொட்டி. பாலிலுள்ள சர்க்கரை எந்தப் பறவைக்கும் செரிக்காது. வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதியை ஒட்டியே இருப்பதால் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

முதலில் குஞ்சு எது என்று பாருங்கள். வளர்ந்தும் 10 கிராம் தாண்டாத தையல்சிட்டு, பொரிக்கும்போது கண் மூடி, வெறும் தோலோடு இருக்கும். அருகில் அசைவு தெரிந்தாலே வாயைப் பிளக்கும். வல்லூறு, அதாவது சிக்ரா, வெள்ளைத் தூவி போர்த்துப் பிறக்கும். அது வாயைப் பிளந்து காத்திருக்காது. நீட்டிய இறைச்சித் துண்டைக் கொத்தி எடுக்கும். மூடிய அலகைப் பலவந்தமாகத் திறந்தால் தாடை பெயரும்.

சிட்டுக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கொரு முறை மெல்லிய பூச்சி வேண்டும். வல்லூறுக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை போதும். கழுத்தடியில் புடைத்த தீனிப்பை வற்றிய பிறகே அடுத்த வேளை.

பலரும் சறுக்கும் இடம் எலும்பில்லாத கோழிக்கறி. வல்லூறுக் குஞ்சு ஆசையாகத்தான் தின்னும். ஆனால் வெறும் கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். சில வாரங்களில் கால் எலும்பு வளைந்து, நிற்க முடியாமல் சரியும். காட்டில் தாய் எலும்போடு ஊட்டுவது இதனால்தான்.

பிடிப்பதிலும் வேறுபாடு உண்டு. சிட்டின் நெஞ்சை அழுத்தக் கூடாது: பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. வல்லூறில் பயப்பட வேண்டியது அலகுக்கு அல்ல, காலுக்கு. துண்டைப் போர்த்தி, இரு கால்களையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டுக்கும் கம்பிக்கூண்டு ஆகாது, இறகு முறியும். துளையிட்ட அட்டைப்பெட்டி போதும்.

பூனை கவ்விய சிட்டுக்குக் காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையின் எச்சில் கிருமி மறுநாளைக்குள் கொன்றுவிடலாம்.

இறகு முளைத்து, குட்டை வாலோடு புதரடியில் தத்தும் சிட்டு பெரும்பாலும் அநாதை அல்ல. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வல்லூறு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்து வளர்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.