லைசென்ஸ் தேதி முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டதா? 26 வருஷ டிரைவரும் திரும்ப எட்டு போடணும்

எங்கள் மாமா 26 வருஷம் லாரி ஓட்டியவர். ராத்திரி இரண்டு மணிக்கு முழு லோடோடு தொப்பூர் கணவாயில் வண்டியை இறக்கியவர். இப்போது லாரியை விட்டுவிட்டு ஊரில் தோட்டம் பார்க்கிறார், பைக்கும் பழைய ஆம்னி வேனும்தான் ஓட்டம். போன வருஷம் ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பைக்கில் எட்டு போடும்போது இரண்டாவது வளைவில் இடது காலை ஊன்றிவிட்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் பேப்பரிலிருந்து நிமிரவே இல்லை. "கால் ஊனிட்டீங்க, அடுத்த வாரம் வாங்க." அவ்வளவுதான். மாமா ஹெல்மெட்டைக் கழற்றாமலே புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு எதற்கு மறுபடி டெஸ்ட் என்றால், லைசென்ஸ் தேதி முடிந்து 14 மாதம் ஆகிவிட்டது, அவர் கார்டைப் பார்க்கவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்துக்கு முன்னால் இதற்கு 5 வருஷம் அவகாசம் இருந்தது. இப்போது ஒரே வருஷம். அதற்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். ஒரு நாள் தாண்டினாலும் ஓட்டிக் காட்டி பாஸ் ஆக வேண்டும். அனுபவத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்பு தேதி முடிந்த பிறகும் 30 நாள் லைசென்ஸ் செல்லும். அதையும் அதே திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். "அதான் ஒரு வருஷம் டைம் இருக்கே" என்று நிறையப் பேர் தைரியமாக ஓட்டுகிறார்கள். அந்த ஒரு வருஷம் விண்ணப்பிக்கத்தான், ஓட்டுவதற்குக் கிடையாது. தேதி முடிந்த மறுநாளே உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்றுதான் கணக்கு. பிடித்தால் 5,000 ரூபாய். ஏதாவது இடித்துவிட்டால் கதை வேறு: அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி சொந்தக்காரரிடம் திருப்பி வசூலிக்க வரும்.

சரி, கார்டை எடுங்கள். அதில் இரண்டு தேதி இருக்கலாம். என்டி என்று போட்டிருப்பது பைக், சொந்தக் காருக்கு. டிஆர் என்று போட்டிருப்பது டிரான்ஸ்போர்ட், அதாவது வாடகை வண்டி, லாரி, பஸ்ஸுக்கு. டிஆர் 5 வருஷம்தான் செல்லும். ஓசூரிலும் பெங்களூரிலும் கேப் ஓட்டப் போகிற பையன்கள் பெரிய தேதியைப் பார்த்துவிட்டு "2034 வரை இருக்குண்ணா" என்கிறார்கள். அது என்டி. டிஆர் போன தீபாவளிக்கே முடிந்திருக்கும்.

அதிகம் மாட்டுகிறவர்கள் 2005, 2006 வாக்கில் லைசென்ஸ் எடுத்தவர்கள். பழைய விதிப்படி 20 வருஷம், அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. 20 வருஷத்துக்கு முன்னால் பர்ஸில் வைத்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இப்போது விதி வேறு: 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை, 30 முதல் 50-க்குள் என்றால் 10 வருஷம், 50-லிருந்து 55-க்குள் என்றால் 60 வயது வரை, 55-க்கு மேல் 5 வருஷத்துக்கு ஒருமுறை.

ஒரு வருஷத்துக்குள் இருக்கிறீர்களா? உடனே லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதி போர்ட்டலில் போடுங்கள். ஆதார் சரிபார்ப்போடு ஆபீஸ் போகாமல் முடிக்கிற வழி, டெஸ்ட் தேவைப்படாத புதுப்பித்தலுக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் ஆதாரில் ஒரு பெயர், லைசென்ஸில் ஒரு பெயர் என்றால் அங்கேயே நிற்கும். இனிஷியல் முன்னாடியா பின்னாடியா என்பதற்கே ஒரு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆதாரில் உள்ள போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். 40 வயது தாண்டியிருந்தாலும் டிஆர் என்றாலும் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றான படிவம் 1ஏ வாங்க வேண்டும். எந்த டாக்டர் கையெழுத்தை ஏற்பார்கள் என்று ஆபீஸில் கேட்டுவிட்டே போங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்கள் பாடு இன்னும் மோசம். அது கம்ப்யூட்டரில் இருக்காது. எந்த ஆபீஸ் கொடுத்ததோ அந்த ஆபீஸ்தான் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் சேலத்தில் வேலை பார்த்தபோது எடுத்திருந்தால், பென்னாகரத்திலிருந்து சேலத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே போனால் லெட்ஜரைத் தேடணும், நாளைக்கு வாங்க என்பார்கள். இதில் மாதங்கள் ஓடும், ஒரு வருஷக் கணக்கும் கூடவே ஓடும். அதனால் தேதி முடிவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

தாண்டிவிட்டது என்றால் டெஸ்ட்தான். முதலில் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போடச் சொன்னால் அதற்கு 30 நாள் காத்திருப்பு தனி. தேதி தாண்டியபின் புதுப்பிக்க 300 ரூபாய், டெஸ்டுக்கு ஒவ்வொரு வகை வண்டிக்கும் 300, தாமதத்துக்கு வருஷத்துக்கு 1,000 என்பது மத்திய விதியில் உள்ள கட்டணம், மாநிலம் மேலே கொஞ்சம் சேர்க்கும். வாசலில் நிற்கிற புரோக்கர் சொல்லும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரைவர்கள் ஏன் பெயில் ஆகிறார்கள் என்று மாமாவோடு உட்கார்ந்து இரண்டு நாள் வேடிக்கை பார்த்தேன். ஓட்டத் தெரியாமல் ஒருத்தரும் இல்லை. கண்ணாடியைச் சரி செய்யாமல் கிளப்புகிறார்கள். ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை ஜன்னலில். சீட் பெல்ட் ஞாபகமே வருவதில்லை. கை சிக்னல் கேட்டால் சிரிக்கிறார்கள். கம்பம் நட்டு எச் எழுத்து வடிவில் போட்டிருக்கும் எச் டிராக்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது உதவிக்கு கிளீனர் இல்லாததால் கம்பத்தைத் தட்டுகிறார்கள், இருபது வருஷமாக "வா வா, போதும்" என்று பின்னால் யாரோ சொல்லியே பழகியாச்சு. மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கோடு உருளாமல் கிளப்பச் சொன்னால் மட்டும் அலட்சியமாகச் செய்துவிடுகிறார்கள், அது நம் பக்கத்து மலைப்பாதை கொடுத்த புண்ணியம்.

பைக்குக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. கியர் வண்டி லைசென்ஸ் வைத்திருந்தவர் வீட்டில் இருக்கும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள். கியர் இல்லாத வண்டி தனி வகை. அதில் பாஸ் ஆனால் அதற்குத்தான் கிடைக்கும், பிறகு பைக்குக்கு மறுபடி நிற்க வேண்டும். கொண்டு போகிற வண்டியின் இன்ஷூரன்ஸ், புகைச் சான்று உயிரோடு இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கிக்கொண்டு போய், இன்ஷூரன்ஸ் முடிந்திருந்ததால் வரிசையிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவரை அதே மைதானத்தில்தான் பார்த்தேன்.

பெயில் ஆனால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி. மூன்று தடவை பெயில் என்றால் 60 நாள். அதனால் முதல் தடவையே சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதீர்கள். ஊரில் களத்துமேட்டில் சுண்ணாம்பில் எட்டு வரைந்து, முதல் கியரிலேயே, காலை ஊன்றாமல் நாலு நாள் சுற்றுங்கள். மாமா அப்படித்தான் செய்தார். சின்னப் பசங்களெல்லாம் சுற்றி நின்று சிரித்தார்கள். அடுத்த வாரம் பைக் முடிந்தது, ஆம்னிக்கு எச் டிராக்கில் ஒரு கம்பம் சாய்ந்து, இன்னொரு 7 நாள்.