ரத்தினக் கண்காட்சியில் முத்து: வடிவத்தை நம்பலாம், நிறத்தை விசாரிக்க வேண்டும்

ரத்தினக் கண்காட்சி முடிந்த கையோடு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேருவதில் முத்துச் சரங்களுக்குத்தான் முதலிடம். வைரம், மாணிக்கம் என்றால் வாங்கும்போதே சான்றிதழ் கேட்டுவிடுகிறார்கள். முத்து என்றால் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்த பிறகுதான் சந்தேகம் எட்டிப் பார்க்கும். அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்: "இது ஒரிஜினலா?"

ஒரிஜினல்தான் என்று நான் சொல்லிவிட்டாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. சாயம் ஏற்றிய முத்தும் சிப்பிக்குள் விளைந்த முத்துதானே! கேட்க வேண்டிய கேள்வி வேறு: நிறம் இயற்கையா, ஏற்றியதா? அதை மேசையிலேயே, பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஹாங்காங், அமெரிக்காவின் டூசான் போன்ற பெரிய கண்காட்சிகளின் முத்து அரங்கில் முதன்முறை நுழைபவருக்குக் கண் கட்டிப்போகும். வெள்ளை, பொன், சாம்பல், கத்தரிப்பூ, மயில்கழுத்துப் பச்சை, பீச், சாக்லேட் என்று கொத்துக் கொத்தாகச் சரங்கள் தொங்கும். பக்கத்திலேயே நாணயம்போலத் தட்டையானவை, குச்சிபோல நீண்டவை, வால் முளைத்தவை, சிலுவை வடிவில் இருப்பவை. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள். மனிதக் கை படாமல் தானாக விளைந்த இயற்கை முத்து தனி உலகம். அது பெரும்பாலும் தனி மேசையில், சான்றிதழோடுதான் வரும். உலக நகைத்தொழில் கூட்டமைப்பான சிப்ஜோவின் விதிப்படி, அடைமொழி இல்லாமல் வெறுமனே 'முத்து' என்று சொன்னால் அது இயற்கை முத்தைத்தான் குறிக்க வேண்டும். வளர்ப்பு முத்தை வளர்ப்பு முத்து என்றே சொல்லியாக வேண்டும். கண்காட்சி மேசைகளில் இந்த ஒழுங்கை எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

வடிவத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதில் ஏமாற்று வேலைக்கு இடம் குறைவு.

கடல் சிப்பிகளான அகோயா, தஹிதி, தென்கடல் வகைகளில் பொதுவாக ஒரு உருண்டை மணியையும், இன்னொரு சிப்பியிலிருந்து வெட்டிய சிறு சதைத் துண்டையும் சேர்த்து உள்ளே வைக்கிறார்கள். மணி பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை மட்டியின் ஓட்டைக் கடைந்து செய்தது. அந்தச் சதை வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகி, படலம் படலமாக முத்துப் பொருளைச் சுரக்கிறது. வைத்த மணி உருண்டை என்பதற்காக வெளியே வருவதும் உருண்டையாக இருந்துவிடாது. பை ஒரு பக்கம் இறுகினாலோ, கூடவே ஏதாவது அழுக்கு சிக்கினாலோ படலம் ஒரு பக்கம் தடிக்கும். துளி, பட்டன், நீள்வட்டம், ஒழுங்கற்ற உருவமான பரோக் எல்லாம் இப்படி வருபவைதான். நாள்கூடக் கூடப் படலம் தடிக்கும். கூடவே கோணலாகும் வாய்ப்பும் கூடும். நல்ல உருண்டையான ஆணிமுத்துக்கு இருக்கும் விலைக்கு இதுவே காரணம்.

'ரவுண்ட்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் நம்பிவிடாதீர்கள், உருட்டிப் பாருங்கள். தஹிதி முத்துக்கான தரப்பிரிவில் விட்டத்தின் வேறுபாடு 2 சதவீதத்துக்குள் இருந்தால்தான் உருண்டை. 2 முதல் 5 சதவீதம் வரை கிட்டத்தட்ட உருண்டை. 10 மில்லிமீட்டர் முத்தில் 2 சதவீதம் என்றால் 0.2 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. சமமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து மெல்லத் தள்ளிவிட்டால் நல்ல உருண்டை நேராக ஓடும், மற்றது தள்ளாடும். சரமாக இருந்தால் துணிமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். துளை நடுவில் இல்லாத மணிகள் துள்ளித் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நன்னீர் முத்தின் கதை வேறு. இவற்றில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அங்கே மணி வைக்காமல் சதைத் துண்டை மட்டும் மட்டியின் மேலுறைக்குள் செருகுவதே பெருவழக்கு. ஒரு மட்டியில் முப்பது, நாற்பது துண்டுகூட வைப்பார்கள். நடுவில் உருண்டை அச்சு இல்லாததால் அரிசி, உருளைக்கிழங்கு, பட்டன் போன்ற உருவங்களே இயல்பாக அதிகம் வரும். ஆனால் உள்ளே ஏறக்குறைய முழுக்க முத்துப் பொருள்தான். நாணயமும் சிலுவையும் அந்த வடிவிலேயே வெட்டிய வில்லையை உள்ளே வைத்து விளைவித்தவை. அண்மைக்காலத்தில் மணி வைத்து வளர்த்த பெரிய, உருண்டையான நன்னீர் முத்துகளும் மேசைக்கு வந்துவிட்டன. அளவை மட்டும் பார்த்து 'இது தென்கடல்' என்று முடிவுகட்ட இப்போது முடியாது.

கேஷி என்ற சீட்டைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். மணி வைத்த சிப்பி அந்த மணியைத் துப்பிவிட்டு, தங்கிப்போன சதைத் துண்டைச் சுற்றி மட்டும் முத்து விளைவிப்பதுண்டு. மணியே இல்லாத அந்த உபரி முத்துதான் கேஷி. இப்போது சப்பையான நன்னீர் முத்து எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். மாபே என்பது இன்னொன்று. சிப்பியின் உள்சுவரில் அரைக்கோளமாக வளர்த்து, வெட்டியெடுத்து, உள்ளே நிரப்பி, பின்பக்கம் ஓட்டுத் தகடு ஒட்டியது. பார்க்க அழகு. ஆனால் அது முழு முத்து இல்லை. நீர் பட்டால் ஒட்டு விடும் என்பதும் விற்பவர் வாயில் எளிதில் வராது.

எனக்குப் பிடித்தது வளையமுத்து. தஹிதி மேசைகளில் மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். பம்பரத்தின் மேல் கீறிய கோடுகள்போலச் சுற்றிச் சுற்றி வரி ஓடும். முத்து விளையும்போதே சிப்பிக்குள் சுழல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை: ஓரிடத்தில் விழுந்த குறை, சுழற்சியில் ஒரு வளையமாகவே இழுபட்டுவிடுகிறது. லென்ஸில் பார்த்தால் மேட்டில் வெள்ளிச் சாம்பல், பள்ளத்தில் கரும்பச்சை, நுனியில் கத்தரிப்பூ நிறம் என்று ஒரே முத்தில் வரிக்கு வரி மாறும். விலையோ அதே அளவு உருண்டையைவிட மிகக் குறைவு. நீரோட்டம், அதாவது முத்தின் பளபளப்பு, நன்றாக இருக்கும் வளையமுத்தைத் தள்ளிவிட்டு மங்கலான உருண்டையை வாங்குபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம்தான்.

இனி நிறம். விசாரணை இங்கேதான் தேவை.

முத்தின் நிறத்தில் அடுக்குகள் உண்டு. அடிநிறம் நிறமிகளால் வருவது. உள்ளே வைத்த சதைத் துண்டு எந்தச் சிப்பியுடையது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அதன்மேல் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ மிதப்பது மேல்சாயல். சில முத்துகளில் வானவில்போல ஓடும் மினுக்கமும் உண்டு. இவை இரண்டுக்கும் சாயம் காரணமில்லை; அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் மெல்லிய தகடுகளின் அடுக்குக்குள் ஒளி புகுந்து திரும்பும் விளையாட்டு. சாயம் அடிநிறத்தை மாற்றிவிடும், இந்த விளையாட்டைக் கொண்டுவராது. அதனால் சரம் முழுக்க ஒரே நிறத்தில், எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் நின்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இயற்கையில் எந்த நிறம் எங்கே வரும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தென்கடல் முத்து தரும் பிங்க்டாடா மேக்சிமா சிப்பியில் வெள்ளி விளிம்பு, பொன் விளிம்பு என இரு வகை. ஆஸ்திரேலியா வெள்ளிக்கும் வெள்ளைக்கும் பேர்போனது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பொன் நிறத்துக்கு. தஹிதி முத்தைக் 'கறுப்பு முத்து' என்கிறார்கள். ஆனால் முழுக்கறுப்பு அதில் அபூர்வம். சாம்பல், பச்சை, நீலம், கத்தரிப்பூச் சாயல்களே இயல்பு. நன்னீர் முத்தில் வெள்ளை, பீச், இளஞ்சிவப்பு, ஊதா இயற்கையாகவே வரும். பளிச்சென்ற கிளிப்பச்சை, ராயல் ப்ளூ, செம்பருத்திச் சிவப்பு என்றால் சாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் வருவதில் சிக்கலானது பொன் நிறச் சரம். பத்து மடங்கு லென்ஸை எடுத்துத் துளையின் விளிம்பைப் பாருங்கள். சாயம் ஏற்றியிருந்தால் விளிம்பில் நிறம் திட்டாகத் தேங்கி நிற்கும். மேற்பரப்பில் ஊசிமுனை அளவு குழி இருந்தால் அதற்குள்ளும் சுற்றிலும் அடர்த்தியாக ஒரு புள்ளி. துளைக்குள் எட்டிப் பார்த்தால் படலத்துக்கும் மணிக்கும் இடையிலான கோட்டில் மஞ்சள் கசிந்து ஓடியிருக்கும். நூலிலும் கறை படிந்திருப்பதுண்டு. இவை ஒன்றும் இல்லை என்பதற்காக இயற்கை என்று உறுதிசெய்துவிட முடியாது; நன்றாகச் செய்த சாயம் லென்ஸுக்குத் தப்பும். அதற்குத்தான் ஒளி உறிஞ்சலை அளக்கும் நிறமாலைக் கருவி.

முத்தைக் கறுப்பாக்க மூன்று வழி உண்டு. சாயம் ஒன்று. வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்து ஒளிபட விடுவது இன்னொன்று. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியில் அந்த வெள்ளி உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது காமா கதிர். அகோயாவின் மேல்படலத்தைவிட உள்ளே இருக்கும் நன்னீர் ஓட்டு மணியையே அது கறுப்பாக்குகிறது. வெளியே நீலச் சாம்பலாகத் தெரியும். மேசையிலேயே பார்க்கக்கூடிய துப்பு ஒன்று சொல்கிறேன்: தஹிதி முத்து பெரும்பாலும் 8 மில்லிமீட்டரிலிருந்துதான் தொடங்கும். அச்சில் வார்த்ததுபோல 6 மில்லிமீட்டர் கன்னங்கரேல் உருண்டைகளை யாராவது தஹிதி என்று நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். உண்மையான தஹிதிக்கு நிறமாலைக் கருவியில் 700 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் ஓர் உறிஞ்சல் தெரியும். அதன் நிறமியின் முத்திரை அது.

வெள்ளையும் அப்பாவி இல்லை. அகோயாவை வெளுப்பது தொழிலில் வழக்கமான வேலை. அந்த மெல்லிய ரோஜாச் சாயலுக்கு இளஞ்சிவப்புச் சாயம் கொஞ்சம் சேர்ப்பதும் உண்டு. நன்னீர் வெள்ளையும் பெரும்பாலும் வெளுத்ததே. வெளுப்பதை நான் குற்றமாகப் பார்ப்பதில்லை. சாயத்தைக்கூட, சொல்லி விற்றால் குற்றமில்லை. சாயமேற்றிய நன்னீர் முத்து சொற்ப விலைக்கு அழகான நகை. அதையே பொன் நிறத் தென்கடலின் விலைக்கு விற்பதுதான் மோசடி.

சில நிறங்கள் அபூர்வம் என்பதாலேயே சாயம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் ப்டீரியா ஸ்டெர்னா சிப்பியில் வளரும் முத்துகள் புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும், அது இயற்கையே. கரீபியக் கடலின் ராணிச் சங்கில் விளையும் இளஞ்சிவப்பு முத்தில் முத்துப்படலமே கிடையாது. நல்லதில் தீநாக்குகள்போல வரிகள் அலையும்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேசைக்கு மேல் மஞ்சள் ஸ்பாட் விளக்கு இருந்தால் க்ரீம் நிறமும் பொன்னாகிவிடும். வெள்ளை அல்லது சாம்பல் துணியில் வைத்து, சன்னல் வெளிச்சத்துக்கோ வெள்ளை விளக்குக்கோ கொண்டுபோய்ப் பாருங்கள். நீரோட்டம் அங்கேதான் விளங்கும்: உயர்ந்த முத்தில் விளக்கின் பிம்பம் விளிம்பு சிதையாமல் தெரியும், தாழ்ந்ததில் பால் கலந்ததுபோலப் பரவிவிடும். அகோயா சரத்தைச் சுழற்றும்போது மணிகள் வெளிச்சமும் நிழலுமாக மாறி மாறிக் கண்சிமிட்டினால் படலம் மெல்லியது, உள்மணியின் வரிகள் தெரிகின்றன என்று பொருள். நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சரம் வேண்டாம்.

பல்லில் தேய்த்துப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நறநறப்பு வந்தால் அது பிளாஸ்டிக் இல்லை என்று மட்டும் தெரியும். வளர்ப்பு, சாயம், கதிர்வீச்சு எல்லாமே நறநறக்கும். மேற்பரப்பில் கீறல் விழுவது மிச்சம். 'ஷெல் பேர்ல்' என்பதும் முத்து இல்லை. சிப்பி ஓட்டு மணிக்கு மேல் பூச்சு. துளை விளிம்பில் பூச்சு உரிந்து நிற்பது லென்ஸில் தெரியும்.

டிரிபிள் ஏ, டபுள் ஏ போன்ற தரங்களுக்கு உலகப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு அகராதி. அந்த எழுத்துகளை விட்டுவிட்டு ரசீதில் இவற்றை எழுதச் சொல்லுங்கள்: வளர்ப்பா இயற்கையா, எந்தச் சிப்பி, கடலா நன்னீரா, மில்லிமீட்டர் அளவு, நிறம் இயற்கையா ஏற்றியதா. 'நிறம் இயற்கை' என்று வாயால் சொல்பவர் எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால் நகை செய்வதற்கு முன்பே கொடுங்கள். கம்மலிலோ மோதிரத்திலோ பசை போட்டுப் பதித்துவிட்டால் துளை மூடிவிடும். நாங்கள் முதலில் பார்க்க நினைக்கும் இடம் அதுதான்.