கொழுப்புக் கட்டியா, புற்றுநோயா?

தோலுக்கடியில் உருண்டையாக, தொட்டால் நழுவும் கொழுப்புக் கட்டிகளில் பெரும்பாலானவை லிப்போமா எனும் சாதுவான கட்டிகள்தான். அவை பரவாது, பலர் அவற்றோடேயே காலம் தள்ளிவிடுகிறார்கள். சந்தேகம் வருவது, தொடைத் தசைக்குள்ளோ வயிற்றின் பின்பக்கத்திலோ ஆழமாக வளரும் பெரிய கட்டிகளில். அவற்றுள் சில, லிப்போசார்க்கோமா எனும் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகை.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதுவும் ஏறக்குறைய சாதாரணக் கொழுப்பாகவே தெரியும். கொழுப்புக்கு நடுவே ஓடும் நார்ப்பட்டைகளில், கருநீலச் சாயம் ஏறிய, கோணல்மாணலான உட்கரு கொண்ட செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். பயாப்ஸியில் எடுத்த சின்னத் துண்டில் அவை அகப்படாமலே போகலாம்.

அதனால்தான் மரபணுவைப் பார்க்கிறார்கள். இந்தப் புற்றுநோயில் 12வது குரோமோசோமின் ஒரு பகுதி பல நகல்களாகப் பெருகி, வளைய வடிவிலோ ராட்சத அளவிலோ கூடுதல் குரோமோசோமாகிவிடுகிறது. எம்டிஎம்2, சிடிகே4 என்ற இரு மரபணுக்கள் அந்தப் பகுதியில்தான் உள்ளன. பழுதான செல் பெருகாமல் தடுப்பது பி53 புரதம். எம்டிஎம்2 புரதம் அதைப் பிடித்து, அழிக்க வேண்டியது என்று அடையாளம் ஒட்டிவிடும். சிடிகே4 செல் பிரிவதை முடுக்கிவிடும். லிப்போமாவிலும் பல நேரம் அதே 12வது குரோமோசோமில்தான் மாற்றம். ஆனால் அங்கே எச்எம்ஜிஏ2 என்ற மரபணு உடைந்து இடம் மாறுகிறது, எம்டிஎம்2 பெருகுவதில்லை. எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டுவது இந்த நெருக்கம்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், எம்டிஎம்2 புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றுவார்கள். புரதம் மிகுந்த உட்கரு பழுப்பாகும். இதில் ஒரு பொறி உண்டு: அடிபட்டு அழிந்த கொழுப்பைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோபேஜ் செல்களும் பழுப்பேறலாம். ஐயம் தீராவிட்டால் ஃபிஷ் சோதனை. எம்டிஎம்2 மரபணுவுக்கு ஒரு நிறம், 12வது குரோமோசோமின் மையத்துக்கு வேறு நிறம் என ஒளிரும் குறிகளை ஒட்டி எண்ணுவார்கள். இயல்பான செல்லில் இரண்டுக்கு இரண்டு. புற்றுநோய் செல்லில் எம்டிஎம்2 புள்ளிகள் கொத்துக்கொத்தாக மின்னும். எம்டிஎம்2 புள்ளிகளை மையப் புள்ளிகளால் வகுத்த விகிதம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கம் உறுதி.

எல்லாக் கட்டிக்கும் இது தேவையில்லை. 10 செ.மீ.க்கு மேற்பட்டது, ஆழமானது, எடுத்த பிறகும் திரும்பி வந்தது என்றால் கேட்டுச் செய்யச் சொல்லலாம். அப்புறம், எம்டிஎம்2 பெருகவில்லை என்பதாலேயே லிப்போசார்க்கோமாவே இல்லை என்றாகாது. மிக்சாய்டு என்ற இன்னொரு வகை லிப்போசார்க்கோமாவில் டிடிஐடி3 மரபணு வேறொன்றோடு இணைந்திருக்கும். அதற்குச் சோதனையே தனி.