லாரியின் பின் பிரேக் டிரம் சூடேறிக் காய்கிறதா? ஸ்லாக்கை லூஸ் பண்ணாதீர்கள்

"அண்ணே, பின்னாடி டிரம் காயுது, ஸ்லாக்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்க." சங்ககிரியில் லாரிப் பட்டறை நடத்தும் என்னிடம் டிரைவர்கள் அடிக்கடி கேட்பது இது. நான் செய்து கொடுப்பதில்லை.

ஸ்லாக் அட்ஜஸ்டர் என்பது காற்று பிரேக்கில், டிரம்மில் உரசி நிறுத்தும் லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் லிவர். அதைத் தளர்த்தினால் சூடு குறையும், வண்டி இழுக்காமல் ஓடும். கூடவே அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும். மிதிக்கும்போது காற்று தள்ளும் புஷ் ராடு முழுசாக நீண்டாலும் லைனர் டிரம்மில் அழுந்தாது. பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்கும்போது அதன் சுமையையும் மற்ற சக்கரங்கள்தான் தாங்க வேண்டும். அவையும் காய்ந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஓடி வந்து நின்றதும் ஒரே ஆக்சிலின் இரண்டு டிரம்மையும் ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். இரண்டும் ஒரே மாதிரி காய்ந்திருந்தால், பெரும்பாலும் பின் பிரேக்குக்குக் காற்றை அனுப்பித் திரும்ப வெளியேற்றும் ரிலே வால்வு காற்றை முழுசாக வெளியே விடவில்லை. அல்லது ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் காற்று போதாமல் அது பாதி பிடித்தபடி நிற்கிறது. காற்று டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடாத வண்டிகளில் வால்வுக் கோளாறு சீக்கிரமே வரும்.

ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லை, ஆனால் சக்கரம் இறுக்கமாக இருக்கிறதா? ரிலீஸ் போல்ட்டைப் போட்டு ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள். அப்புறம் புஷ் ராடையும் ஸ்லாக்கையும் இணைக்கும் பின்னைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இதில் எந்தக் கட்டத்தில் சக்கரம் விடுபட்டாலும் கோளாறு புஷ் ராடைத் தள்ளும் குடுவையான சேம்பரிலோ காற்று வழியிலோ இருக்கிறது. பின்னைக் கழற்றியும் விடுபடாவிட்டால் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சமீபத்தில் வந்த ஒரு பத்துச் சக்கர வண்டியில் அப்படித்தான் ஆனது. லைனரில் இன்னும் கனம் இருந்தது, ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் உடையவில்லை. லைனரை விரித்து டிரம்மில் அழுத்தும் எஸ் கேம் மட்டும் கையால் திருப்ப முடியாதபடி புஷ்ஷில் துருவேறி இறுகியிருந்தது. காரணம் வெளியிலேயே தெரிந்தது: சேசிஸுக்குப் பெயின்ட் அடித்தபோது கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளையும் சேர்த்து அடித்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிரீஸ் உள்ளேயே போகவில்லை. கேமை உருவிச் சுத்தம் செய்து புஷ், நிப்பிள், சீல் எல்லாம் புதிதாகப் போட்டோம். சூட்டில் வெந்த ரிட்டர்ன் ஸ்பிரிங்கில் பழைய இழுவிசை இருக்காது, அதனால் அதையும் மாற்றினோம். ஹப் கிரீஸ் உருகி ஒழுகியிருந்ததால் பேரிங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. டிரம்மில் வெடிப்பு இல்லாதது நல்ல காலம்.

கடைசியில்தான் ஸ்லாக் செட்டிங். கையால் செட் செய்யும் சாதா ஸ்லாக் என்றால் லைனர் டிரம்மைத் தொடும்வரை இறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குச் சற்றே பின்னுக்கு விட வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஸ்லாக்கை அடிக்கடி கையால் திருப்ப வேண்டியிருந்தால் வேறெங்கோ பழுது இருக்கிறது.

பட்டறையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று: ஹேண்ட் பிரேக் ஸ்பிரிங் இருக்கும் சேம்பரின் கிளாம்ப்பை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். சேம்பர் போய்விட்டால் முழுசாகவே மாற்றிவிடுங்கள்.