மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஸ்கூலுக்கு அனுப்பலாமா?

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் போனதும் தொடங்கி, மார்கழிப் பனி முடியும் வரை என் கிளினிக்கில் அநேகமாகத் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. ராத்திரி 102 இருந்தது, பாரசிட்டமால் கொடுத்தோம், காலையில் உடம்பு ஜில்லென்று இருக்கிறது, பிள்ளையும் எழுந்து விளையாடுகிறான், இன்றைக்கு வேறு டெஸ்ட் இருக்கிறது, அனுப்பலாமா டாக்டர்?

வேண்டாம். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. பாரசிட்டமாலின் வேலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கொடுத்து அனுப்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மறுபடி உடம்பு கொதிக்கும், மிஸ் போன் பண்ணுவார், நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடுவீர்கள். அதற்குள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன், அவனோடு ஆட்டோவில் வந்தவர்கள், அவன் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தவன் எல்லோரும் வாங்கியிருப்பார்கள். நான் சொல்லும் கணக்கு எளிது: மாத்திரை எதுவும் போடாமல் ஒரு முழு நாள், அதாவது 24 மணி நேரம், காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் அனுப்புங்கள். ஆபீசுக்குப் போகிற பெரியவர்களுக்கும் இதே கணக்குதான், டோலோ 650 போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்காருவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு எதிர்க்கேள்வி வரும், நியாயமான கேள்விதான். "இவனுக்கே யாரோ கொடுத்ததுதானே, இவன் போகாம இருந்தா மட்டும் நின்னுடுமா?" முழுக்க நிற்காது. ஃப்ளூ காய்ச்சல் வந்தவர், தனக்குக் காய்ச்சல் என்று தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பரப்பிக்கொண்டிருப்பார். அந்த ஒரு நாளை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் ஃப்ளூவில் வைரஸ் அதிகமாக வெளியேறுவது காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில். அந்த நாட்களில் வீட்டில் இருந்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். நம் ஊரில் நடப்பது தலைகீழ். முதல் இரண்டு நாள் மாத்திரை போட்டுச் சமாளித்து எல்லா இடத்துக்கும் போய்விட்டு, மூன்றாம் நாள் முடியாமல் போனதும் படுக்கிறோம். அப்புறம் இருமல் இருக்கிறதே என்று ஒரு வாரம் பயந்துகொண்டு இருக்கிறோம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை. மாஸ்க் போட்டு அனுப்பினால் போதும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மட்டும் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். டிபியா, அதாவது காசநோயா என்று பார்க்கத்தான், அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தொற்று என்றால் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா என்ன? அம்மை வந்த வீட்டைப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள், வெளியாள் உள்ளே வரமாட்டார், அம்மை கண்டவர் வெளியே போகமாட்டார், மூன்று தண்ணீர் ஊற்றி முடியும் வரை கல்யாணம் காதுகுத்து எதற்கும் அந்த வீட்டிலிருந்து யாரும் தலைகாட்ட மாட்டார்கள். யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. பெரியம்மை ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் உருவான ஒழுங்கு இது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை, ஆனால் பழக்கம் சின்னம்மைக்கு அப்படியே நின்றுவிட்டது, ரொம்ப நல்லது. சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொற்றத் தொடங்கி, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை தொற்றும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் காய்ந்திருக்கும், ஆக பாட்டி கணக்கும் என் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பாட்டியோடு நான் சண்டை போடுவது வேறு இடத்தில். "அம்மா வந்திருக்கா, மருந்து கொடுக்கக் கூடாது" என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய கெடுதல் செய்யாமல் போகலாம், ஆனால் பெரியவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, சிகரெட் பிடிப்பவர்களுக்கு, ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்குச் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம், சாவு வரைகூடப் போகலாம். இதற்கு ஏசைக்ளோவிர் என்று மாத்திரை இருக்கிறது, முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்று நாள் பார்த்துவிட்டு மூச்சு வாங்குகிறது என்று தூக்கி வந்தால் பாதி வாய்ப்பு போய்விட்டது. வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டும் மட்டும் அம்மையில் வேண்டாம்.

இன்னொன்று, அக்கி. தாத்தாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்து, எழுதிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார், பேரன் மடியில் இருப்பான். சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ், அந்தக் கொப்புளத்து நீர் பட்டால் இதுவரை அம்மை போடாத குழந்தைக்குச் சின்னம்மை வரும். கொப்புளங்களைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு, காயும் வரை குழந்தையைத் தூக்காமல் இருந்தால் போதும். தாத்தாவை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

சரி, வீட்டில் இருக்கிறோம், வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள்? இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் அம்மா வேலைக்குப் போய்விட, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிடுகிறார்கள். பாட்டிக்கு எழுபது வயது, சர்க்கரை இருக்கிறது, ஏற்கெனவே வீசிங். பிள்ளை மூன்று நாளில் எழுந்துவிடும், பாட்டி நிமோனியாவோடு அட்மிட் ஆவார். அல்லது வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் மகள், அதே வீட்டில் தம்பிக்குச் சின்னம்மை. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரைக்குள் தாய்க்கு அம்மை போட்டால் பிறக்கும் குழந்தைக்கு அது உயிராபத்து. அந்தப் பெண்ணுக்கு முன்பு அம்மை போட்டிருக்கிறதா என்று உடனே கேளுங்கள், போடவில்லை என்றால் அல்லது தெரியவில்லை என்றால் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே செய்ய வேண்டியவை இருக்கின்றன, நாள் கடந்தால் அவை பயன்படாது. தனி அறை இல்லாத வீடுகள்தான் இங்கே அதிகம், எனக்கும் தெரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வயதானவரின் பாயை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள், காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே திடமான ஒருவர் மட்டும் இருக்கட்டும்.

தட்டம்மை இதையெல்லாம் தாண்டியது, நோயாளி அறையை விட்டுப் போன பின்பும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். அதற்கு ஒரே வழி ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதிலும் அரசு இலவசமாகப் போடும் ஊசி. பொன்னுக்கு வீங்கி அந்த இலவச ஊசியில் இல்லை, அதனால்தான் அது அவ்வப்போது வகுப்பு வகுப்பாக வருகிறது. தாடை வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே வந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், பார்வையில் ஒன்றும் வராது. கை, துண்டு, தலையணை, பஸ் கம்பி வழியாகத்தான் வரும். கூலிங் கிளாஸ் கண் கூச்சத்துக்கு மட்டும். கண்ணிலிருந்து நீரும் பீளையும் வரும் வரை வீட்டில் இருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

பள்ளிகளிடமும் ஒரு வார்த்தை. நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு மேடையில் கைதட்டுகிறோம், அந்தப் பிள்ளை எத்தனை பேருக்குக் கொடுத்தது என்று யாரும் எண்ணுவதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றால் சங்கடம் புரிகிறது. அம்மை போட்டிருந்தால் மறைக்காமல் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், தனி அறையில் எழுத வைத்த பள்ளிகள் உண்டு. அதுவும் முடியாவிட்டால் துணைத்தேர்வு இருக்கிறது.

வயிற்றுப்போக்கு வந்தவரைத் தொற்று நோயாளி என்று யாரும் நினைப்பதே இல்லை. ஆபீஸ் வேலை என்றால் பரவாயில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் ஹோட்டல் மாஸ்டர், கேட்டரிங்கில் பரிமாறுபவர், சத்துணவு சமைப்பவர் வயிற்றுப்போக்கோடு அடுப்பங்கரையில் நின்றால் கதை வேறு. போக்கு நின்று 48 மணி நேரம் கழிந்துதான் அவர்கள் சாப்பாட்டைத் தொட வேண்டும். டைபாய்டு என்றால் இன்னும் கூடுதல், மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். ஹோட்டல் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் ஆண்டு மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழ், இன்று காலை மாஸ்டர் எத்தனை முறை கக்கூஸ் போனார் என்பதைச் சொல்லாது. முதலாளிதான் கேட்க வேண்டும், கேட்டால் அன்றைய கூலியைப் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் அடுத்த முறை மாஸ்டர் வாயே திறக்க மாட்டார்.

இனி, தேவையில்லாமல் ஒதுக்கப்படுபவர்கள். டெங்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொட்டோ இருமியோ வராது. டெங்கு வந்தவரைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், பகலிலும்தான், அந்தக் கொசு பகலில் கடிக்கும். அவரைக் கடித்த கொசு மற்றவர்களைக் கடிக்காமல் இருப்பதற்காக அந்த வலை.

அப்புறம் டிபி. தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டில், வேலையை விட்டு நிற்கச் சொல்லி மேஸ்திரியின் உத்தரவு என்று ஆறு மாதம் ஒரு மனிதரை வைத்திருக்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறேன். தட்டு டம்ளரில் டிபி பரவாது. காற்றில்தான் பரவும், அதுவும் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னால். இதை உலகத்துக்குச் சொன்ன ஊர் நம் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள், இன்றைக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அங்கேதான் இருக்கிறது. டிபி என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் ஒரு வருஷம் படுக்க வேண்டும் என்று இருந்த காலம். நெருக்கடியான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், இன்னொரு பிரிவுக்கு அதே மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, சுத்தமான காற்று எல்லாம் இருந்தும், குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். குடும்பத்தில் இருந்தவர்களையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள், வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் அவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க டிபிக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்றானது. இப்போது வழக்கமான டிபிக்கு, சரியான மருந்தை விடாமல் எடுத்தால், சுமார் இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கணக்கு வேறு, அதை மருத்துவர் சொல்வார். மருந்து ஆறு மாதம், தனிமை ஆறு மாதம் இல்லை. 2020-ல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தோமே, அதற்குப் பிறகு எத்தனை பேர் இருமலை மறைத்துக்கொண்டு திரிந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒதுக்கினால் மறைப்பார்கள், மறைத்தால் பரவும்.

லீவு எடுத்தால் சம்பளம் போகுமே என்பதுதான் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம். கடையில், தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது, கேட்டு வாங்க வேண்டும். ஈஎஸ்ஐ பிடித்தம் இருப்பவர்களுக்குத் தேவையான நாள் சந்தா கட்டியிருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும், அதற்கு ஈஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றிதழ் வேண்டும். டிபி போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு. சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு, வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு இதில் எதுவும் கிடையாது. அவர்களிடம் "வீட்டில் இருங்கள்" என்று சொல்ல எனக்கே வாய் வருவதில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் மருத்துவச் செலவை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். உடம்பில் கொப்புளமோ தடிப்போ காய்ச்சலோடு வந்தால், டோக்கன் வாங்கி வராண்டாவில் மற்றவர்களோடு உட்கார்ந்துவிடாதீர்கள். எங்கள் கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளும், புதன்கிழமை ஊசி போட வரும் கைக்குழந்தைகளும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். கிளம்புவதற்கு முன் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு அம்மை மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள். வண்டியிலேயே அல்லது வெளியே மரத்தடியிலேயே இருங்கள், நான் அங்கே வந்து பார்த்துவிடுகிறேன். வரிசை மீறியதாக யாராவது முணுமுணுத்தால் நர்ஸ் பேசிக்கொள்வார்.