கேட்டுவிட்டு எடுக்க வேண்டிய ரத்தம்

நான் அறுவை சிகிச்சை நிபுணராகப் பணியைத் தொடங்கிய புதிதில், குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு மளிகைக் கடைக்காரர் எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். சர்க்கரை, ரத்த வகை, கிரியேட்டினின் ஆகியவற்றோடு எச்ஐவி பரிசோதனையும் சேர்த்து அச்சடிக்கப்பட்டிருந்த சீட்டில் கையெழுத்திட்டவன் நான்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவருடைய கேஸ் ஷீட்டின் அட்டையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது. அந்த வட்டத்துக்கு என்ன பொருள் என்பது வார்டு உதவியாளருக்கும் சாப்பாடு கொண்டுவரும் பெண்ணுக்கும்கூடத் தெரிந்திருந்தது. கட்டிலில் படுத்திருந்தவருக்கு மட்டும் தெரியாது. அறுவை சிகிச்சை முதலில் தள்ளிவைக்கப்பட்டது, பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போகும்படி எழுதிக் கொடுக்கப்பட்டது. முடிவை நான் சொன்னபோது அவர், "சர்க்கரைக்குன்னுதானே சார் ரத்தம் எடுத்தாங்க?" என்று கேட்டார்.

அன்று நடந்த ஒவ்வொன்றும் இன்று சட்டமீறல். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், பரிசோதனைக்கு முன்பு விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும், முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. சிகிச்சை பெறுவதற்கு எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும், தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் அது தடைசெய்கிறது. ரத்த தானம், நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. அறுவை சிகிச்சை அவற்றில் ஒன்றல்ல.

கேட்காமல் பரிசோதிக்கும் மருத்துவர்கள் சொல்லும் காரணம் தங்கள் பாதுகாப்பு. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்; ஊசி விரலில் குத்திவிட்டுத் தூங்காமல் கிடந்த இரவு எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பரிசோதனை அந்தப் பாதுகாப்பைத் தருவதில்லை. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில், 'விண்டோ பீரியட்' எனப்படும் காலத்தில், ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும்போதே ரேபிட் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்று காட்டக்கூடும். அந்தச் சீட்டை நம்பிக் கையுறையில் அலட்சியம் காட்டுபவர்தான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறார். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 1000-க்கு 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு. எல்லா நோயாளிகளிடமும் ஒரே அளவான முன்னெச்சரிக்கை, குத்திவிட்டால் கூடியவரை 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் தடுப்பு மருந்து ஆகியவையே எங்களைக் காப்பவை.

இதனால் பரிசோதனைகளைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. இன்னும் பல பேரிடம் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் வாயில் வெண்படலமும் உடல் இளைப்புமாக மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம், சங்கடப்பட்டுக்கொண்டு எங்களில் யாருமே எச்ஐவி பற்றிப் பேசாமல் இருந்ததும் அறத் தவறுதான். கர்ப்பிணிகள் விஷயத்தில் கேட்டுச் செய்வதன் பலன் கண்முன்னே இருக்கிறது: சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், உரிய மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே பரிசோதனை அந்தப் பெண்ணுக்காகவும் குழந்தைக்காகவும் செய்யப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் செய்வதோ, எங்களுக்காக.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், 13 முதல் 64 வயது வரையுள்ள எல்லோருக்கும் வழக்கமான பரிசோதனைகளோடு எச்ஐவி பரிசோதனையையும் செய்யலாம், வேண்டாம் என்பவர் மறுத்துக்கொள்ளலாம் என்று 2006-இல் பரிந்துரைத்தது. அங்கும்கூட முதலில் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. அதன் நோக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் "நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்று உடம்பையே ஒப்படைத்துவிடும் நம் நோயாளிகள் வாய் திறந்து மறுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் டாக்டர் நிர்மலா சில பெண்களிடமிருந்து சேகரித்த ரத்தத்தில் அது தெரிந்தது. எதற்காக எடுக்கிறோம் என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். மருந்தே இல்லாத அந்தக் காலத்தோடு இன்றைய நிலையை ஒப்பிட முடியாது. இன்று கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக எடுப்பவர் முழு ஆயுளை எதிர்பார்க்கலாம். அதனால்தான் கேட்பதும் இன்று எளிது.

இப்போது நான் கேட்பது இப்படி: "எல்லோரிடமும் கேட்பதுபோல் உங்களிடமும் கேட்கிறேன். எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்கிறீர்களா? இருந்தால் நல்ல மருந்து இருக்கிறது. வேண்டாம் என்றாலும் உங்கள் அறுவை சிகிச்சை நிற்காது." சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகிறது. முதல் பரிசோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், அதை வைத்தே எதையும் முடிவுசெய்யாமல், அரசின் எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தில் உறுதிப்படுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் மட்டும் சொல்கிறோம், எச்ஐவிக்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் தேதியையும் அங்கேயே குறித்துக் கொடுக்கிறோம். உங்களிடம் கேட்காமல் எடுத்திருந்தால் மருத்துவமனையின் புகார் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். 20 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். 1097 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

எங்கள் சீட்டில் இப்போது எச்ஐவிக்கு எதிரே தனிக் கட்டம் இருக்கிறது. அதில் நோயாளியின் கையெழுத்து இல்லாவிட்டால் ரத்தக் குழாயை லேப் திருப்பி அனுப்பிவிடும். கேட்டவர்களில் மறுத்தவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கும் குறித்த நாளில் குறித்த நேரத்தில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.